கொல்லைக்கோடியில் 17 மீட்டர் கம்பி: மன்னார்குடிப் பக்கத்து வீடொன்றில் சிற்றலை மீண்ட விதம்

மன்னார்குடிக்குக் கிழக்கே, வாய்க்கால் கரையை ஒட்டிய தெருவில் உள்ள பழைய வீடு அது. முன்கட்டு தளம் போட்டது, பின்கட்டு இன்னும் ஓடு. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், இளவயதிலிருந்தே சிற்றலை கேட்பவர். வெளிநாட்டு நிலையங்கள் அனுப்பிய வண்ண அட்டைகளை ஆண்டுவாரியாக ஆல்பத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். பி.பி.சி. தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு வானொலி ஒலிபரப்பை நிறுத்தியது. தமிழில் சிற்றலை அதன் பிறகும் சுருங்கிக்கொண்டே வந்தது. அப்போதும் மாலை நேரத்தை ரேடியோவுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தவர் அவர்.

என்னிடம் அவர் சொன்ன குறை இது: "ஸ்டேஷன் இருக்கு தம்பி. பேசறது தெரியுது. என்ன பேசறான்னுதான் தெரியல. இரைச்சல் மேல ஏறி உக்காந்துக்குது."

ரேடியோவில் கோளாறு இல்லை. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் அந்த வீட்டில் பகல் முழுவதும் பலமாகவே வரும், பின்னால் ஒரு ரீங்காரம் இருக்கும், அவ்வளவுதான். திருச்சி நிலையம் 1939-இல் தொடங்கியது. அறுபதுகளில் தஞ்சைப் பகுதியில் பரவிய ஆடுதுறை 27 ரகத்துக்கு மக்கள் 'ரேடியோ நெல்' என்று பேர் வைத்ததே அந்த நிலையத்தின் பண்ணை நிகழ்ச்சிகளால்தான் என்று சார் பெருமையாகச் சொல்வார். அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு சக்தியோடு வரும் நிலையத்துக்கு ஏரியலே தேவையில்லை. சிக்கல் தூரத்து நிலையங்களில்தான். பகலில் சென்னையின் 720, மாலையில் 49, 41, 31 மீட்டர் சிற்றலைகள் எல்லாம் ரீங்காரத்துக்கு அடியில் கிடந்தன.

இந்தக் குறையை டெல்டாவில் மட்டுமல்ல, ரேடியோ கேட்கும் வீடுகள் எல்லாவற்றிலும் கேட்கிறேன். "வானொலி இப்போதெல்லாம் சரியாக எடுப்பதில்லை" என்று சொல்லி மூலையில் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் நிலையம் பலவீனமாகிவிடவில்லை. வீட்டுக்குள் மின் இரைச்சல்தான் வளர்ந்துவிட்டது. அதனால்தான் இந்த ஒரு வீட்டில் செய்ததை முழுமையாக எழுதுகிறேன்.

ஏற்கெனவே இருந்த கம்பி

போனபோது வீட்டில் ஒரு வெளிக்கம்பி இருந்தது. யாரோ சொன்னதைக் கேட்டு, முன்கட்டுத் தளத்தின் மேல் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே நல்ல நீளமாகக் கட்டி, ஜன்னல் வழியே கூடத்துக்கு இறக்கி, முதலைக் கிளிப்பால் ரேடியோவின் உறிகம்பியில் (இழுத்து நீட்டும் ஏரியலில்) கடித்துவிட்டிருந்தார்கள். தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் மின்வாரிய சர்வீஸ் ஒயருக்கு ஏறத்தாழ இணையாகப் போனது அந்தக் கம்பி.

சாரிடம் இருந்தது டி.எஸ்.பி. வகை கையடக்க ரேடியோ. அதன் திரையில் இரண்டு எண்கள் வரும். ஒன்று உள்ளே வரும் மொத்த வலிமை, இன்னொன்று குறிப்பலை, அதாவது நிலையத்தின் அலை, இரைச்சலைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்பது. கிளிப்பைக் கடிக்க வைத்ததும் முதல் எண் விறுவிறுவென ஏறியது. இரண்டாவது எண் அசையவே இல்லை. 31 மீட்டரில் ஒரு நிலையத்துக்கு அது இறங்கக்கூடச் செய்தது. அந்தக் கம்பி நிலையத்தை எவ்வளவு கொண்டுவந்ததோ அவ்வளவு, அல்லது அதற்கும் மேல், வீட்டு இரைச்சலையும் கொண்டுவந்தது. ஒலி கூடியதே தவிரத் தெளிவு கூடவில்லை.

இந்த ஆய்வில் முக்கியமான இடம் இதுதான். மத்திய அலையிலும் கீழ்ச் சிற்றலையிலும் ரேடியோவின் உள்ளிரைச்சல் ஒரு பொருட்டே இல்லை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் அதைவிடப் பல மடங்கு பெரியது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி இரைச்சல் பரிந்துரை இதற்கு ஒரு கணக்கு தருகிறது. 1 மெகாஹெர்ட்சில் நகரக் குடியிருப்பில் மனிதர் உண்டாக்கும் இரைச்சல், வெப்ப இரைச்சலுக்கு மேல் 72.5 டெசிபல். கிராமத்தில் 67.2. மின்கம்பிகள் எட்டாத அமைதியான கிராமப்புறத்தில் 53.6. குடியிருப்புக்கும் அமைதியான வெளிக்கும் இடையே ஏறத்தாழ 19 டெசிபல், அதாவது சக்தியில் எண்பது மடங்கு வித்தியாசம். கம்பியின் நீளத்தை இரட்டிப்பாக்கி இந்த வித்தியாசத்தைத் தொடவே முடியாது. கம்பியை நகர்த்தினால் தொடலாம். இந்த அளவுகளுக்கு அடிப்படையான சோதனைகள் செல்போன் சார்ஜரும் எல்.இ.டி. பல்பும் வருவதற்கு முன் எடுக்கப்பட்டவை. இன்றைய வீட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம்.

சார் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். வால்வு ரேடியோ காலத்தில் கூடத்துக்குள்ளேயே செப்புவலை நாடாவைச் சுவருக்குச் சுவர் கட்டி, எர்த் கம்பியைக் குழாயில் சுற்றி, இலங்கை வானொலியையும் மலேசியாவையும் கேட்டார்களே, அப்போது எப்படி முடிந்தது? அன்றைய வீட்டில் இருந்தது குண்டு பல்பும் ஒன்றிரண்டு மின்விசிறியும்தான். இரைச்சல் உண்டாக்க ஆளில்லை. 'நீளமாகக் கட்டு, உயரமாகக் கட்டு' என்பது அந்தக் காலத்துக்குச் சரியான அறிவுரை. அதையே இன்று மின்கம்பிக்குப் பக்கத்தில் செய்தால் பலன் தலைகீழாகிறது.

இரைச்சலைத் தேடி

கம்பியைத் தொடுவதற்கு முன் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தோம். அதற்குப் பெரிய கருவி வேண்டாம். மத்திய அலை உள்ள பாக்கெட் டிரான்சிஸ்டர் போதும். உள்ளே இருக்கும் ஃபெரைட் தண்டு, தன் இரு முனைகள் நோக்கும் திசையில் அலையை வாங்காது. நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, ரேடியோவைத் திருப்பிக்கொண்டே நடந்தால், இரைச்சல் அடங்கும் கோணத்தில் தண்டின் முனை இரைச்சல் மூலத்தைக் காட்டும். சந்தேகப்படும் பொருளுக்கு அருகில் கொண்டுபோனால் ஒலி ஏறுவதே உறுதி செய்துவிடும்.

முதலில் மெயினை இறக்கினோம். ரேடியோ பேட்டரியில் ஓடியது. இரைச்சல் கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. பலர் இந்த இடத்தில் 'நம் வீட்டில் இல்லை, வெளியில்தான்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். மெயின் இறங்கியதும் இன்வெர்ட்டர் எழுந்து வேலை செய்யத் தொடங்கியிருக்கும் என்பது நினைவுக்கு வராது. இன்வெர்ட்டரையும் நிறுத்திய பிறகுதான் வீடு உண்மையில் அமைதியானது. மத்திய அலை முழுவதிலும், ஏறத்தாழ 6 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், அதன் ஆட்சிதான்.

பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். கேபிள் டிவி செட்டாப் பாக்ஸின் அடாப்டர், சுமார் 65 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு முறை மேடு மேடாக இரைச்சல் எழுப்பியது. இந்த இடைவெளிக்குக் காரணம் உண்டு. மின்வழி இரைச்சலுக்கான சர்வதேச வரம்பு 150 கிலோஹெர்ட்சில்தான் தொடங்குகிறது. 65-இல் சுவிட்ச் செய்தால் அடிப்படை அதிர்வும் அதன் இரட்டிப்பான 130-உம் வரம்புக்குக் கீழே தப்பிவிடும். அதனால் அடாப்டர் செய்பவர்கள் பலர் அந்த எண்ணையே பிடித்துக்கொள்கிறார்கள். வடிகட்டியில் மிச்சம் பிடித்த மலிவு அடாப்டராக இருந்தால் மேற்கொண்டு வரும் மடங்குகள் எல்லாம் ரேடியோவில் விழும்.

கூடத்து மின்விசிறியின் சுழல் ரெகுலேட்டர் இன்னொன்று. வேகத்தைக் கூட்டிக் குறைக்க அதன் ரீங்காரத்தின் குரலே மாறும். டிரையாக் என்ற மின்னணு சுவிட்சை வைத்து மின்னலையை நறுக்கும் வகை அது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நறுக்கல் வினாடிக்கு 100 முறை நடக்கும். இதற்குத் தீர்வு எளிது. படிப்படியாகத் திருகும் கெப்பாசிட்டர் வகை ரெகுலேட்டரை மாற்றியதும் அந்த ரீங்காரம் ஒழிந்தது. ரேடியோ கேட்கும் வீட்டில் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் எதுவென்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். விலையும் குறைவு.

மிஞ்சியது தெருவிலிருந்து வந்தது: எல்.இ.டி. தெருவிளக்கு, அக்கம்பக்கத்து வீடுகள், மின்வாரியக் கம்பி. கையில் ரேடியோவோடு திண்ணையிலிருந்து ரேழி, கூடம், முற்றம், அடுக்களை தாண்டிக் கொல்லைக்கு நடந்தோம். ஒவ்வொரு கட்டிலும் இரைச்சல் படிப்படியாக இறங்கியது. கிணற்றடி தாண்டி வாய்க்கால் வேலிக்குப் பக்கத்தில் போனபோது, கூடத்தில் ரீங்காரத்துக்குள் கிடந்த 720 சின்ன டிரான்சிஸ்டரிலேயே பேச்சு புரியும் அளவுக்கு வந்துவிட்டது. சார் அங்கேயே நின்று செய்தியை முழுவதும் கேட்டார்.

டெல்டா வீடுகளின் அமைப்பு இதற்கு வாய்ப்பானது. அகலம் குறைவு, ஆழம் அதிகம். மின்கம்பி தெருப்பக்கம், கொல்லை மறுபக்கம். ஏரியலுக்கு வேண்டிய அமைதியான இடம் வீட்டோடு கூடவே வருகிறது. நகரத்து மாடி வீட்டுக்காரருக்கு இந்தச் சலுகை இல்லை.

கம்பியும் அதன் நீளமும்

கம்பியை வேலிக்கு அருகே கொண்டுபோவது என்று முடிவானது. வேலி ஓரத்தில் இருந்த தென்னை ஒரு முனை. கிணற்றடிக்கு அப்பால் நட்ட ஆறு மீட்டர் ஜி.ஐ. குழாய் மறுமுனை. கம்பி குழாயின் அடியில் தொடங்கி, குழாயை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி மேலேறி, உச்சியிலிருந்து தென்னையை நோக்கிக் குறுக்கே ஓடுகிறது. ஏறுவது 5.5 மீட்டர், குறுக்கே 11.5 மீட்டர், ஆக 17.

ஏன் 17? தனிக்கம்பியை நுனியிலிருந்து எடுக்கும்போது, அதன் நீளம் அரை அலைநீளமாகவோ அதன் மடங்காகவோ அமைந்துவிட்டால் அந்த அலைவரிசையில் கம்பியின் மின்தடுப்பு சில ஆயிரம் ஓம்களுக்கு எகிறிவிடும். கம்பிக்கும் ரேடியோவுக்குப் போகும் கேபிளுக்கும் நடுவே வைக்கும் மின்மாற்றி அதோடு ஒத்துப்போகாது. 7.3 மெகாஹெர்ட்சுக்கு அரை அலை ஏறத்தாழ 19.5 மீட்டர், 9.6-க்கு சுமார் 15, 6 மெகாஹெர்ட்சுக்கு 24-ஐ ஒட்டி. 17 மீட்டர் இவற்றில் எதிலும் விழாமல் 41 மீட்டர், 31 மீட்டர் பட்டைகளுக்கு நடுவே நிற்கிறது. சார் அதிகம் கேட்பதும் இந்தப் பட்டைகளைத்தான். மத்திய அலைக்கு இது மிகவும் குட்டையான கம்பி. 936 கிலோஹெர்ட்சின் அலைநீளமே 320 மீட்டர். இருந்தாலும் அங்கே வான இரைச்சல் அவ்வளவு பெரியது என்பதால், குட்டைக் கம்பி கொண்டுவரும் குறைந்த வலிமையே போதுமானது.

கம்பி சாதாரண ஒரு சதுர மில்லிமீட்டர் பி.வி.சி. உறை போட்ட வீட்டு வயரிங் ஒயர். உறையை உரிக்க வேண்டியதில்லை, அலை அதைப் பொருட்படுத்தாது. உறை இருந்தால் செம்பு பச்சை பூக்காமல் நாள்படும். முனைகளில் பழைய பீங்கான் முட்டை இன்சுலேட்டர்கள். கயிறு நாகப்பட்டினத்தில் மீன்பிடிக் கடையில் வாங்கியது. உப்பும் வெயிலும் தாங்கச் செய்த கயிறு அது. துணி காயப்போடும் நைலான் கயிற்றை நம்பிக் கட்டினால் வெயிலில் இற்றுப்போகும்.

தென்னையில் கட்டுவதில் இரண்டு விஷயம். மரம் காற்றில் ஆடும். கம்பியை விறைப்பாகக் கட்டினால் அறுந்துவிடும். அதனால் மரத்தில் ஒரு சிறு கப்பி, கயிறு அதன் வழியே இறங்கி நுனியில் செங்கல். மரம் ஆட ஆட செங்கல் ஏறி இறங்கும், கம்பியின் இறுக்கம் மாறாது. கப்பியைத் தேங்காய் பறிக்க வந்தவரே கட்டிக் கொடுத்தார். மட்டை விழும் பக்கத்தைப் பார்த்துத் தள்ளிக் கட்டியதும் அவர் யோசனைதான். இரண்டாவது, புயல். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது இந்தப் பகுதியில் தென்னைகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. இந்தக் கொல்லையிலும் மிஞ்சிய மரங்கள் சிலவே. அதை மனத்தில் வைத்துக் கப்பிக்கும் இன்சுலேட்டருக்கும் நடுவில் மெல்லிய கயிறு ஒரு துண்டு போட்டோம். பெருங்காற்று வந்தால் முதலில் அறுவது அதுதான். குழாயும் கம்பியும் தப்பும்.

மின்கம்பி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஏரியல் கம்பி எந்தப் பக்கம் அறுந்து பறந்தாலும், குழாய் எந்தப் பக்கம் சாய்ந்தாலும், மின்வாரியக் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். மேலேயும் கீழேயும் குறுக்கே கட்டுவது அறவே ஆகாது. அப்படி இடமில்லாத வீட்டில் வெளிக்கம்பியே வேண்டாம்.

இரைச்சல் திரும்பி வராமல்

அமைதியான இடத்தில் கம்பியைக் கட்டுவது பாதி வேலை. அங்கிருந்து கூடத்துக்கு 40 மீட்டர். அந்தத் தூரத்தைச் சாதாரண ஒயரால் கடந்தால், அந்த ஒயரும் ஏரியலாகி, வீட்டுக்குள் நுழைந்ததும் இரைச்சலை அள்ளிக்கொள்ளும். ஆகவே நடுவில் ஒரு கம்பியும் அதைச் சுற்றி உலோகப் பின்னலும் உள்ள கோஆக்ஸியல் கேபிள். கேபிள் டிவிக்குப் போடும் ஆர்.ஜி. 6 கேபிளே போதும். இந்த அலைவரிசைகளில் 40 மீட்டரில் அது விழுங்குவது ஒரு டெசிபல் அளவுதான். அதன் வெளிப்பின்னல் அலுமினியம் என்பதால் ஈயம் பிடிக்காது. பற்றவைக்க முயலாமல் டிவிக்காரர்கள் போடும் எஃப் கனெக்டரையே போட வேண்டும்.

கோஆக்ஸ் போட்டால் மட்டும் இரைச்சல் நின்றுவிடாது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். பின்னலின் உட்பக்கம் குறிப்பலையைக் கொண்டுவரும் வேளையில், அதே பின்னலின் வெளிப்பக்கம் வீட்டுக்குள் ஓடும் ஒரு தனிக்கம்பியாக நின்று இரைச்சலை வாங்கி, ஏரியல் பக்கத்துக்குக் கொண்டுபோகும். அங்கே பின்னலும் ஏரியலின் எர்த்தும் ஒரே இணைப்பாக இருந்தால், அந்த இரைச்சல் உட்பக்கத்துக்குத் தாவி ரேடியோவுக்குத் திரும்பி வந்துவிடும். கம்பியின் மின்தடுப்பைக் கேபிளுக்கு ஏற்பக் குறைக்கக் கடையில் கிடைக்கும் ஒன்பதுக்கு ஒன்று மின்மாற்றிகள் பலவும் ஒரே சுருளில் கிளை எடுத்தவை, இந்தத் தாவலுக்கு அவை வழிவிடும். ஆகவே இரண்டு சுருளும் ஒன்றையொன்று தொடாத தனித்தனி மின்மாற்றி சுற்றினோம்.

அதற்கு ஃபெரைட் வளையம் வேண்டும். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போகாமல், கெட்டுப்போன கம்ப்யூட்டர் பவர் சப்ளையிலிருந்து எடுத்தோம். அதில் இரண்டு வகை வளையம் இருக்கும். மஞ்சளும் வெள்ளையுமாக இருப்பது இரும்புத்தூள் வளையம், இந்த வேலைக்கு உதவாது. மின்சாரம் நுழையும் இடத்தில் வடிகட்டியாக நிற்கும் பச்சை வளையம்தான் பெரும்பாலும் அதிக காந்த ஊடுதிறன் கொண்ட ஃபெரைட். அதைப் பிரித்து, வளையத்தின் ஒரு பாதியில் ஏரியல் சுருள் 24 சுற்று, எதிர்ப்பாதியில் கேபிள் சுருள் 8 சுற்று. சுற்றில் மூன்றுக்கு ஒன்று, மின்தடுப்பில் ஒன்பதுக்கு ஒன்று. ஏரியல் சுருளின் ஒரு முனை கம்பிக்கு, மறுமுனை தரைக்கோலுக்கு. கேபிள் சுருளின் இரு முனைகளும் எஃப் கனெக்டருக்கு மட்டும். எல்லாவற்றையும் சிறு பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸில் அடைத்து, தண்ணீர் வடிய அடியில் ஒரு துளை.

தரைக்கோல் செம்பு முலாம் பூசிய இரும்புத்தண்டு, குழாயடியிலேயே, தென்னம்பாத்திக்குள் அடித்தது. ஆற்றுவண்டல் களிமண், அதோடு பாத்திக்குப் பாயும் தண்ணீர், இதைவிட நல்ல தரை இணைப்பு அமைவது அரிது. பாறை மண் உள்ள ஊர்களில் தரைக்கோலுக்குப் பதிலாக நான்கைந்து ஒயர்களைத் தரையோடு பரப்ப வேண்டியிருக்கும். வீட்டு மின்சார எர்த்தோடு இந்தக் கோலை இணைத்து ரேடியோவுக்குத் தரை எடுக்கக் கூடாது. வீட்டு எர்த் கம்பிதான் எல்லா அடாப்டர்களின் இரைச்சலும் கலக்கும் இடம்.

கேபிள் பி.வி.சி. குழாய்க்குள், மண்வெட்டி ஆழத்தில் புதைந்து, கொல்லை வாசல்வரை வருகிறது. அங்கே ஒரு தடுப்பு: கேபிளைச் சில சுற்றுகளாகச் சுருட்டி, பழைய படக்குழாய் டிவியில் குழாயின் கழுத்தில் மாட்டியிருக்கும் டிஃப்ளெக்ஷன் யோக்கில் இருந்த ஃபெரைட் வளையத்துக்குள் விட்டிருக்கிறோம். அந்த வளையம் இரண்டு பாதிகளாகப் பிரிந்து கிளிப்பால் சேரும். கனெக்டரைக் கழற்றாமலேயே கேபிள்மேல் பொருத்தலாம். உள்ளே போகும் குறிப்பலையை அது தொடாது, பின்னலின் வெளிப்பக்கத்தில் ஊரும் இரைச்சலுக்கு மட்டும் வழி மறிக்கும். ஊரில் டிவி ரிப்பேர் செய்பவரிடம் கேட்டால் யோக் கிடைக்கும், அவருக்கு அது குப்பை.

சோதனையில் மாற்றம் படிப்படியாகத் தெரிந்தது. மின்மாற்றி இல்லாமல் கம்பியையும் கேபிளின் நடுக்கம்பியையும் நேராகச் சேர்த்தபோது பழைய தளத்துக் கம்பியைவிடத் தெளிவு கூடியது, ஆனாலும் இன்வெர்ட்டர் ரீங்காரம் அடையாளம் தெரிந்தது. மின்மாற்றியும் தரைக்கோலும் சேர்ந்ததும் அது மங்கியது. யோக் வளையத்தைப் போட்டதும் 41 மீட்டரில் அது முழுவதும் போயிற்று. திரையின் முதல் எண், அதாவது மொத்த வலிமை, பழைய கம்பி காட்டியதைவிடக் குறைவாகவே நின்றது. இரண்டாவது எண்தான் ஏறியிருந்தது. சார் திரையைப் பார்க்கவில்லை. "இதுதான் குரல்" என்று மட்டும் சொன்னார்.

ரேடியோவுக்குள் கொண்டுபோவது

சிற்றலைக்கு ரேடியோவின் பக்கவாட்டில் வெளி ஏரியல் துளை இருந்தது, அதில் செருகினால் ஆயிற்று. மத்திய அலைக்கு அந்தத் துளை பயன்படாது. பெரும்பாலான கையடக்க ரேடியோக்களில் மத்திய அலையை வாங்குவது உள்ளிருக்கும் ஃபெரைட் தண்டுதான், உறிகம்பியும் துளையும் அதனோடு சேராது. உறிகம்பியில் எத்தனை மீட்டர் ஒயரைக் கட்டினாலும் 720 அசையாததற்குக் காரணம் இதுவே.

அதற்கு ஒரு அட்டைப்பெட்டி. ரேடியோ உள்ளே உட்காரும் அளவு. பெட்டியைச் சுற்றி ஏழெட்டுச் சுற்று ஒயர், அதன் இரு முனைகள் கேபிளுக்கு. தண்டின் அச்சும் சுற்றின் அச்சும் ஒரே திசையில் இருக்க வேண்டும். வெளிக்கம்பி கொண்டுவந்த அலை காந்தப்புலமாகத் தண்டுக்குள் இறங்கும், ரேடியோவைத் திறக்கவே வேண்டாம்.

இதில் ஒரு கூடுதல் வசதி கிடைக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. தண்டு கூடத்திலேயே இருப்பதால் கூடத்து இரைச்சலை நேராகவும் வாங்கும். ஆனால் பெட்டியையும் ரேடியோவையும் சேர்த்தே திருப்பலாம். தண்டின் முனை இன்வெர்ட்டரை நோக்கும் கோணத்தில் அதன் இரைச்சல் அடங்கும். அந்தக் கோணத்தில் சென்னைத் திசையும் செத்துப்போனாலும் கவலையில்லை, சென்னை இப்போது கேபிள் வழியாக வருகிறது, பெட்டியோடு சேர்ந்தே திரும்புகிறது. இரைச்சலை மட்டும் தனியாகக் கழிக்க முடிகிறது. இப்போது பகலில் 720 கூடத்திலேயே பேச்சு புரியும்படி வருகிறது. இலங்கை புத்தளத்தின் 882 எப்போதுமே இங்கே எட்டும், ஏனென்றால் பாதையில் பெரும்பகுதி பாக் நீரிணை, மன்னார் வளைகுடா ஆகியவற்றின் உப்புநீர். கடல்நீர் நிலத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு நன்றாக மின்சாரம் கடத்துவதால் தரையலை, அதாவது தரையை ஒட்டி ஓடும் அலை, அதன்மேல் அதிகம் தேயாமல் வரும். அதன் பின்னணி ரீங்காரமும் ஒழிந்தது.

வேறொரு தொந்தரவு முளைத்தது. இரவு எட்டு மணிக்கு மேல் 41 மீட்டரில் பலமான நிலையங்கள் கூடும்போது, அவை இல்லாத இடங்களிலும் பேய்க்குரலாகக் கேட்டன. கையடக்க ரேடியோ உறிகம்பிக்காகச் செய்யப்பட்டது, 17 மீட்டர் கம்பி தருவதை அதன் முன்பகுதி தாங்கவில்லை. ரேடியோவின் உணர்திறனைக் குறைக்கும் 'லோக்கல்' பக்கம் சுவிட்சைத் தள்ளியதும் பெரும்பாலும் சரியானது. மீதிக்கு ஒரு கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல் ஒன்றைக் கேபிளுக்கும் ரேடியோவுக்கும் நடுவில் வைத்தோம். முழுவதும் திறந்து வைக்காமல், இரைச்சல் மட்டும் லேசாகக் கேட்கும் அளவுக்குக் குறைத்து வைப்பதே சரியான நிலை. வெளி ஏரியல் போட்டவர்கள் "முன்பைவிட மோசம்" என்று சொல்லும் இடங்களில் பாதி இந்தச் சுமையால்தான்.

மாறாதவை

மின்னல் சடசடப்பு அப்படியே இருக்கிறது. சித்திரை, வைகாசி இடிமழைக் காலத்திலும் ஐப்பசி அடைமழையிலும் மத்திய அலையில் அது ஏறும். எந்தக் கம்பியும் அதைத் தடுக்காது, அதுவும் வானலைதான். பண்பலைக்கு இந்தக் கம்பியால் பயன் இல்லை. எல்.இ.டி. தெருவிளக்கு மாலை ஆறு மணிக்கு எரியத் தொடங்கியதும் 49 மீட்டரில் லேசான மூட்டம் வருகிறது, விளக்கு அணையும்வரை இருக்கும். கொல்லைக்கோடி அதற்கும் போதிய தூரம் இல்லை. வறண்ட மாதங்களில் மின்கம்பப் பீங்கானில் தூசும் கடற்காற்றின் உப்பும் படிந்து பொறி கக்கும் ரீங்காரம் தனி. நல்ல மழை ஒன்று கழுவிவிட்டால் அது காணாமல் போகும், அதை வைத்தே அடையாளம் காணலாம்.

இடிக்கு எந்தச் சாதனத்தையும் நம்பவில்லை. ஏரியல் சுருளின் மறுமுனை தரைக்கோலில் இருப்பதால் கம்பியில் சேரும் நிலைமின்னூட்டம் வடிந்துகொண்டே இருக்கும். இடிக்கு அது காப்பு ஆகாது. கொல்லை வாசலில், சுவருக்கு வெளியே கேபிளில் ஒரு இணைப்பு விட்டிருக்கிறோம். கேட்டு முடித்ததும் அங்கேயே கழற்றிவிட வேண்டும், கூடத்தில் அல்ல. வானம் கறுத்த பிறகு கழற்றப் போகக் கூடாது. தினமும் கழற்றும் பழக்கமே நல்லது என்று சாரின் மருமகள் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள். பெரும்பகுதி கேபிளுக்கும் குழாய்க்கும் போனது. உரிமம் வேண்டுமா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். அஞ்சலகத்தில் பணம் கட்டி லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கிய முறை எண்பதுகளோடு போயிற்று. ஒலிபரப்பைக் கேட்க மட்டும் கட்டும் கம்பிக்கு இன்று உரிமம் தேவையில்லை. அலையை அனுப்புவதற்குத்தான் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) தேர்வும் மத்திய அரசின் உரிமமும்.

ஆண்டுக்கு ஒரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன், மெல்லிய கயிற்றுத் துண்டை மாற்றி, ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து எறும்புக் கூட்டைத் தட்டி, தரைக்கோல் இணைப்பைத் தேய்த்துப் பூட்ட வேண்டும். தெருவிளக்கு மூட்டத்துக்கு அடுத்த முயற்சியாக, ஒரு மீட்டர் விட்டமுள்ள வளைய ஏரியலைக் கொல்லையில் சுழலும்படி நிறுத்தி, அதன் செத்த திசையைத் தெருப்பக்கம் திருப்பிப் பார்க்கத் திட்டம். கொல்லையே இல்லாத மாடிக் குடியிருப்புகளுக்கும் அந்த வளையம்தான் முதலில் முயன்று பார்க்க வேண்டியது, பால்கனிக்கு வெளியே நீட்டி வைக்க இடம் இருந்தால்.